இன்றைக்குக் கண்டது இவ்வளவு

அந்த டாக்டரம்மாவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவரே யார் பெயரையும் நினைவில் வைத்துக்கொண்டவர் இல்லை, அவர் பெயர் மட்டும் எதற்கு? அவரிடம் பல வருஷம் வேலை பார்த்த என்னையே அவர் ஊர் வழக்கப்படி ‘மக்களே’ என்றுதான் கூப்பிட்டார். ஸ்கேன் எடுக்க வந்த பெண்களை, வயிற்றுக்குள் பிள்ளை கிடந்த விதத்தை வைத்துத்தான் அவருக்கு அடையாளம் தெரியும். “கை வாயில வச்சிருந்த ஆளு வந்தாச்சா?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். முன்னறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களில் அது யார் என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆண், பெண் என்று வாய் தவறிக்கூட வந்துவிடக் கூடாது, சட்டம் இருக்கிறது. அதனால் எல்லாப் பிள்ளையும் அவருக்கு ‘ஆளு’தான். அவர் வாயைக் கிண்டிப் பார்க்கவென்றே மருமகளோடு புறப்பட்டு வரும் மாமியார்கள் உண்டு. ஒரு அம்மாள் நைசாகக் கேட்டாள், “டாக்டரே, பட்டுப்பாவாடை வாங்கணுமா, நிக்கர் வாங்கணுமா?”

“துணியா வாங்கி வச்சிருங்க. பொறவு தச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திருவனந்தபுரத்தில் ஒரு சந்துக்குள் வாடகைக்கு எடுத்த பழைய வீடு அது. முற்றத்தில் ஒரு பலாமரம். முன்னறையில் மர பெஞ்சுகள், மூலையில் என் மேஜை. நான் வலியசாலை அக்கிரகாரத்துக்காரி. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, கல்யாணமும் முடிந்து, சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடையில் பில் போடும் கணவரின் சம்பளம் பத்தாமல் வேலைக்கு வந்தவள். டாக்டருக்கு மார்த்தாண்டம் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். மலையாளிகளிடம் மலையாளம், எங்களைப் போன்றவர்களிடம் அந்த எல்லைப்புறத் தமிழ். ஐம்பது வயதிருக்கும். காட்டன் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கையில் கிளினிக்கின் சாவிக்கொத்து. பூட்டுவதற்கோ திறப்பதற்கோ இல்லை, சும்மா குலுக்குவதற்கு. ஸ்கேன் பண்ணும்போது மட்டும் அதைக் கீழே வைப்பார். அப்போது அந்தக் கை கல்லில் செதுக்கியது மாதிரி அசையாது. மற்ற நேரமெல்லாம் ஜல் ஜல்லென்று ஒரு சத்தம் அவருக்கு முன்னால் நடந்து வரும்.

நிம்மதியில்லாத இடம் என்றால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டைச் சொல்வார்கள். எங்கள் முன்னறையைப் பார்க்காதவர்கள் அவர்கள். அந்தக் காலத்து ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். பதிமுகம் என்ற மரப்பட்டையைப் போட்டுக் காய்ச்சிய சிவப்புத் தண்ணீரை பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் பெண்கள் நெளிவார்கள். அவசரம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். முதல் பிள்ளைக்கு வரும் பயம் ஒருவகை. முதல் பிள்ளைக்கு ஏதோ ஆகி, இரண்டாவதுக்கு வருபவளின் பயம் வேறுவகை. அவள் தண்ணீரைக்கூட மெதுவாகத்தான் குடிப்பாள்.

இந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு சாஸ்திரமே உண்டாக்கி வைத்திருந்தார்கள். டாக்டர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இருமினால் ஒன்றுமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் கொஞ்சம் யோசிக்கணும். “கூட யாரு வந்திருக்கா?” என்று கேட்டுவிட்டால் போச்சு. வெளியே வருபவளிடம் மற்றவர்கள் முதலில் கேட்பதே, “கேட்டாங்களா?” என்பதுதான். அவள் இல்லையென்று தலையாட்டினால் பெஞ்சு முழுக்க ஒரு மூச்சு விடும்.

ஏன் இந்த சாஸ்திரம் என்றால், டாக்டர் வாயிலிருந்து அவர்களுக்கு வேண்டிய வார்த்தை வராது. ஊரில் எல்லா டாக்டர்களும் பயப்படாதே என்றுதான் ஆரம்பிப்பார்கள், முடிப்பார்கள். இவர் சொல்ல மாட்டார். ஸ்கேன் முடிந்ததும், ஜெபம் சொல்வது மாதிரி ஒரே தாளத்தில் ஒப்பிப்பார்.

“தலை கண்டேன். முதுகெலும்பு முழுக்க கண்டேன். இதயத்துல நாலு அறையும் கண்டேன். வயிறு, கிட்னி ரெண்டு, கை ரெண்டு, கால் ரெண்டு. இன்னைக்குக் கண்டது இவ்வளவு.”

“அப்ப பயப்படாண்டாம் இல்லியா டாக்டர்?”

“பெத்து எந்திரிச்சு ஆளைக் கொண்டு காட்டு. அப்ப சொல்லுதேன்.”

இதற்காக எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருப்பார்! செக்ரட்டேரியட்டில் பெரிய பதவியில் இருந்த ஒருவர் மனைவியைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு குதித்தார். நார்மல் என்று ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும் என்று மலையாளத்தில் கேட்டார். டாக்டர் சாவியைக் குலுக்கிக்கொண்டே, “சாரே, நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், வீட்டுக்குள்ளே போகவில்லை” என்று அவர் பாஷையிலேயே பதில் சொன்னார். பின்னால் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஜோடிகள் வரத் தொடங்கினார்கள். அதில் ஒரு பையன் இன்டர்நெட்டிலிருந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்துவந்து, எத்தனை சதவீதம் நார்மல் என்று கேட்டான். “மோனே, சதமானம் பரீட்சைக்கு” என்றார். அவன் மனைவி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

கல் நெஞ்சுக்காரி என்று நானும் முதலில் நினைத்தேன். அந்த நினைப்பு மாறியது, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்திருந்த ஒரு பெண்ணால். தலையில் சிமென்ட் தூசி போகாமல், நேராக வேலையிடத்திலிருந்து வந்தாள். அவள் உள்ளே போய் வெகு நேரமாகியும் ஒப்பிக்கும் சத்தம் கேட்கவில்லை. பிறகு கேட்டது.

“கூட யாரு வந்திருக்கா?”

“யாரும் இல்லம்மா. அவுக வேலைல நிக்காக.”

முன்னறையில் ஒருத்தரும் நெளியவில்லை. கதவைத் திறந்து டாக்டர் என்னைப் பார்த்தார். “மக்களே, உள்ள வா. இவகூட நீதான் வந்திருக்கே.”

போய் நின்றேன். அவள் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், பிடித்துக்கொண்டேன். பிள்ளைக்கு மண்டையோடு வளரவில்லை, பிறந்தாலும் தங்காது என்பதை டாக்டர் சுற்றி வளைக்காமல், ஆனால் மெதுவாக, இரண்டு தடவை சொன்னார். அந்தப் பெண் அழவில்லை. “திங்கக் கூடாதது எதையும் தின்னுட்டேனாம்மா? கனம் தூக்குனதாலயா?” என்று கேட்டாள்.

“இல்ல மக்களே. நீ ஒண்ணும் செய்யல்ல. நீ செஞ்சு வந்தது இல்ல இது.”

எதையும் நிச்சயமாகச் சொல்லாத வாயிலிருந்து அவ்வளவு நிச்சயமாக ஒரு வாக்கியம் வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன். அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்பினால், டாக்டர் முற்றத்தில் பலாமரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். சாவி ஜல் ஜல்லென்று அடித்தது. உள்ளே பெண்கள் வயிறு முட்டக் காத்திருந்தார்கள். ஒருத்திகூட டாக்டரைக் கூப்பிடச் சொல்லவில்லை.

பிள்ளையைக் கொண்டு காட்டணும் என்பதை அவர் வெறும் வாய்வார்த்தையாகச் சொல்வதில்லை. கொண்டுதான் காட்ட வேண்டும். அதே ஸ்கேன் மேஜையில் துணி விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்து, பென் டார்ச்சை எடுப்பார். வாயைத் திறந்து அண்ணம் பார்ப்பார். விரலிடுக்கை விரிப்பார். குப்புறப் போட்டு முதுகெலும்பை மேலிருந்து கீழே தடவுவார். காலை மடக்கி இடுப்பைச் சுழற்றுவார். தான் மானிட்டரில் கண்டதெல்லாம் அங்கே இருக்கிறதா, காணாதது ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். எல்லாம் முடிந்து சட்டையை மாட்டும்போது, “செரி, இனி பயப்படாண்டாம்” என்பார். பயந்து நடுங்கிய மாதங்களில் கிடைக்காத வார்த்தை, பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருப்பவளுக்குக் கிடைக்கும்.

பெண்கள் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். டாக்டருக்குக் கைராசி, அவர் தொட்டு வாழ்த்தினால் பிள்ளைக்கு நோய் அண்டாது என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நேரே இங்கே வருவார்கள். சிலர் முதலில் இங்கே, பிறகுதான் பிள்ளையார். பாயசம் கொண்டுவந்த ஒருத்தி காலில் விழப்போக, டாக்டர் பாம்பை மிதித்தது போலத் துள்ளி நகர்ந்தார். “இவங்கட்ட யாராவது சொல்லேன் மக்களே. நான் வாழ்த்தல்ல, நோட்டம் பாக்கேன்” என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. பாயசம் நின்றுபோய்விடுமே.

வந்தவர்களால் அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. வராதவர்கள்தான் பாடாய்ப் படுத்தினார்கள். பிரசவ நாள் கழிந்து ஒரு மாதம், இரண்டு மாதம் என்று போகப்போக, “கழுத்துல கொடி சுத்தியிருந்த ஆளு இன்னும் வரல்லியே” என்று ஆரம்பிப்பார். ஃபோன் இருந்தால் என்னைப் பேசச் சொல்வார். இல்லாவிட்டால் சாவி கூடுதலாகக் குலுங்கும்.

கொடி சுற்றியிருந்த அந்த ஆளின் அம்மா கல்லாற்றில் டீக்கடை வைத்திருப்பவரின் மனைவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து டாக்டர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். “மக்களே, கல்லாறு வரை போயிட்டு வருவமா? கொஞ்சம் காத்து வாங்கலாம்.” காற்று வாங்கப் போகிறவர் எதற்குக் கைப்பையில் டார்ச் வைத்திருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. பொன்முடி மலைக்குப் போகும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு எனக்குக் குமட்டல். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து திறந்து டார்ச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடை வாசலில் அந்தப் பெண் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அய்யோ டாக்டரே, ஞான் மறந்துபோயி!” பிள்ளை தொட்டிலில் கொழுகொழுவென்று தூங்கிக்கொண்டிருந்தது. பிஸ்கட் பாட்டில்களை நகர்த்திவிட்டு, கடை பெஞ்சில் துணி விரித்து, டீ குடிக்க வந்த டூரிஸ்டுகள் வேடிக்கை பார்க்க, டாக்டர் முழுப் பரிசோதனையும் முடித்தார். “இனி பேடிக்கண்டா” என்றார், அதே வாக்கியம் மலையாளத்தில்.

“எனிக்கு பேடியொண்ணும் இல்லாருந்து டாக்டரே” என்றாள் அவள், பஜ்ஜியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே.

அவளுக்குப் பயமே இருந்திருக்கவில்லை! இத்தனை நாளும் பயம் யாருக்கு இருந்தது என்பது அந்த டீக்கடையில்தான் எனக்குப் பிடிபட்டது. திரும்பும்போது டாக்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே பஜ்ஜி தின்றார். வழியில் விதுரை வரும் வரைக்கும்தான் அந்த நிம்மதி. “விரலை நீட்டிக் காட்டின ஆளு போன மாசமே வந்திருக்கணும், இல்லியா?” என்று ஆரம்பித்துவிட்டார்.

ஏன் இப்படி இருந்தார் என்று கேட்பீர்கள். அவருடைய தங்கை ஒருத்தி குறையோடு பிறந்தாள் என்று சொன்னவர்கள் உண்டு. எப்போதோ நார்மல் என்று எழுதிக் கொடுத்த பிள்ளை வேறு மாதிரிப் பிறந்தது என்று சொன்னவர்களும் உண்டு. நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

பிறகு நானே அந்த ஸ்கேன் மேஜையில் படுத்தேன்.

ஐந்தாம் மாத ஸ்கேன் நன்றாகத்தான் போயிற்று. ஏழாம் மாதம் என் பிள்ளை வலது பக்கத்தைக் கர்ப்பப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது. என்னை எழுப்பிப் பலாமரத்தைச் சுற்றி நடக்க விட்டார். ஐஸ் தண்ணீர் குடிக்கச் சொன்னார். இடது பக்கம் படு, வலது பக்கம் படு என்றார். பிள்ளை அசையவில்லை. கடைசியில் சாவிக்கொத்தை எடுத்து என் வயிற்றுக்கு மேலே ஜல் ஜல்லென்று குலுக்கினார். அப்படிச் செய்தால் சில பிள்ளைகள் துள்ளித் திரும்பும், நானே பார்த்திருக்கிறேன். என் பிள்ளை துள்ளவில்லை.

“ஆளுக்கு நல்ல உறக்கம்” என்றார்.

பிறகு ஒப்பித்தார். தலை, முதுகு, நாலு அறை, கிட்னி. தினமும் கதவுக்கு வெளியே இருந்து கேட்ட அதே பாட்டுதான். நூறு பேருக்கு அவர் சொன்னபோது ஒழுங்காகப் பட்ட சொற்கள், எனக்குச் சொன்னபோது ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தன. கண்டதைச் சொல்கிறார், காணாதது எவ்வளவு? எனக்கு அழுகை வந்துவிட்டது.

“டாக்டர், எனக்கு மட்டும் ஒரு தடவை சொல்லுங்கோ. பயப்படாதேன்னு.”

ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “உனக்கு மட்டும் பொய் சொல்லவா மக்களே?”

அந்த இரண்டு மாதங்களை எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. முன்னறையில் என் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்வேன். வீட்டுக்குப் போய் வயிற்றுக்கு மேலே டம்ளரும் கரண்டியும் தட்டுவேன். பிள்ளை சில நேரம் உதைக்கும். சத்தத்துக்கு உதைக்கிறதா, சும்மா உதைக்கிறதா என்று யாரைக் கேட்பது?

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல நிறம், கூரையைப் பிளக்கும் அழுகை. வலது காது இல்லை. காது இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு மொட்டுப் போலச் சதை, துளை கிடையாது. இடது காது முழுசாக இருந்தது. அது கேட்கிறதா என்று சில மாதம் கழித்துத்தான் சோதித்துச் சொல்ல முடியும் என்று பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். என் மனசில் சாவிக்கொத்து குலுங்கிக்கொண்டே இருந்தது. துள்ளவில்லையே, அன்றைக்குத் துள்ளவில்லையே.

பதினோராம் நாள் பெயர் வைத்தோம். தகப்பனார் வலது காதில் பெயரைச் சொல்ல வேண்டும் என்று வாத்தியார் மந்திரத்தோடு மந்திரமாகச் சொல்லிவிட்டார், பிறகு குழந்தையைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். என் கணவர் குனிந்து அந்தச் சதை மொட்டுக்குப் பக்கத்தில் பெயரைச் சொன்னார். யாரும் சொல்லாமலே அந்தப் பக்கம் சுற்றிப் போய் இடது காதிலும் சொன்னார். மாமியார் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு குல்லாய். குளிக்க வைக்கும்போது தவிர என் பெண் தலையிலிருந்து அது இறங்கவில்லை. டாக்டரிடம் கொண்டு காட்டப் போகவும் இல்லை. வெட்கம் என்று நினைக்காதீர்கள், என் குழந்தை எனக்கு வெட்கமா? அவர் காணாததை அவரிடம் கொண்டுபோய் நீட்டும் தைரியம் எனக்கு இல்லை. அதைவிட, அந்தச் சாவி மறுபடியும் குலுங்கி, மறுபடியும் இவள் திரும்பாமல் போனால்? பக்கத்து வீட்டு ஃபோனுக்கு டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன். வராதவர்கள் ஏன் வருவதில்லை என்பது அப்போது விளங்கியது.

குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது ஒரு நாள் மத்தியானம் எங்கள் தெருவில் ஆட்டோ வந்து நின்றது. சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டேன். ஜல் ஜல்.

மாமியார்தான் கதவைத் திறந்தார். ஆளைத் தெரிந்ததும், உள்ளே வாங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. “அத்தனை தடவை படம் பிடிச்சேளே, அத்தனை பெரிய மிஷினை வச்சுண்டு இது ஒண்ணு தெரியலையா உங்களுக்கு?”

டாக்டருக்கு எது என்றே தெரியாது. முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று. “ஆளைக் காட்டுங்க மாமி” என்றார்.

கட்டிலில் படுக்க வைத்தேன். குல்லாயை நானே கழற்றினேன். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, எப்போதும் போல வாயிலிருந்து ஆரம்பித்தார். அண்ணம், விரலிடுக்கு, முதுகு, இடுப்பு. ஒன்றையும் விடவில்லை. விரல்களை மட்டும் இரண்டு தடவை எண்ணினார். ஸ்கேன் மேஜையில் ஒரு தடவைக்கு மேல் எண்ணியதில்லை. கடைசியில் அந்தச் சதை மொட்டை டார்ச் அடித்துப் பார்த்தார்.

“காணல்ல மாமி” என்றார். “காது நான் பாக்கல்ல.”

ஒட்டிக் கிடந்தது, திரும்பவில்லை, அந்த மிஷினில் தெரியாது என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாமியார் கட்டிலில் கிடந்த குல்லாயை எடுத்து மடித்தார்.

டாக்டர் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். குழந்தையின் கண்ணுக்குப் படாமல் தலைமாட்டுப் பக்கம் போய், இடது புறம் கையை நீட்டி, ஒரே ஒரு தடவை குலுக்கினார்.

என் பெண் கண்ணை உருட்டினாள். பிறகு மெதுவாக, கழுத்தைத் திருப்பி, இடது பக்கம் பார்த்தாள்.

“ஈசுவரா” என்றார் மாமியார்.

டாக்டர் மறுபடியும் குலுக்கினார். மறுபடியும் திரும்பினாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நிறுத்தவே இல்லை. கடைசியில் குழந்தை எரிச்சலாகி வீல் என்று கத்தினாள். நான் வாரி எடுத்துக்கொண்டேன். நானும் அழுதேன், மாமியாரும் அழுதார். இனி அந்த வாக்கியம் வரும் என்று காத்திருந்தேன். என் பிள்ளையைப் பார்த்தாகிவிட்டது, அவருடைய சட்டப்படி எனக்கு அதைச் சொல்லியாக வேண்டும்.

சொல்லவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி, “அன்னைக்கு இன்னும் கொஞ்சம் நடக்க விட்டிருந்தா ஆளு திரும்பியிருக்கும்” என்றார்.

“திரும்பியிருந்தா என்ன பண்ணியிருப்பேள் டாக்டர்?”

யோசித்தார். “சொல்லியிருப்பேன்.”

“சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு மாசம் கூட அழுதிருப்பேன். காது வந்திருக்குமா?”

டாக்டர் படியிறங்கினார். ஆட்டோவில் ஏறிக்கொண்டு, “திங்கக்கிழமை வேலைக்கு வந்திரணும். ஆளையும் கொண்டு வா” என்றார்.

போனேன். என் மேஜைக்குப் பின்னால் புடவைத் தொட்டில் கட்டினோம். குல்லாய் போடவில்லை. அன்றைக்கு முதல் பெண் உள்ளே போனாள். எப்போதும் ஆகும் நேரத்தைவிட அதிகமாயிற்று. வெளியே நெளிவும் முனகலும். உள்ளேயிருந்து ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. தலை கண்டேன், முதுகெலும்பு கண்டேன், நாலு அறை, கிட்னி ரெண்டு, கை ரெண்டு, கால் ரெண்டு. ஒரு நொடி நின்று, “காது ரெண்டு கண்டேன். இன்னைக்குக் கண்டது இவ்வளவு.”

அன்று முதல் காதைத் தேடாமல் யாரையும் மேஜையிலிருந்து இறக்கியதில்லை. ஒட்டிக் கிடக்கும் ஆளுகள் திரும்பும் வரை பலாமரத்தடியில் பெண்கள் வரிசையாக நடந்தார்கள். சில நாள் ஒரு காதுதான் கிடைக்கும். “ஒரு காது கண்டேன், மற்றது காணல்ல” என்று அப்படியே சொல்லிவிடுவார். அந்தப் பெண் கலங்கிப் போய் வெளியே வருவாள். நான் தொட்டிலை விலக்கிக் காட்டுவேன். குனிந்து பார்ப்பாள், தொட்டுப் பார்ப்பாள், என் பெண் சிரிப்பாள். “இவ்வளவுதானா?” என்று கேட்டவர்கள் பல பேர். டாக்டரிடம் மருந்துக்கும் கிடைக்காத ஆறுதலை என் மகள் பல் முளைக்கும் முன்பே வழங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் அந்த முன்னறையிலேயே வளர்ந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கிளினிக்குக்குத்தான் வருவாள். பையைக் கழற்றுவதற்குள், எந்த வேலையில் இருந்தாலும் டாக்டர் வெளியே வந்து, பின்னாலிருந்து இடது பக்கம் சாவியைக் குலுக்குவார். இவள் திரும்புவாள். அவர் உள்ளே போவார். தினம். சோதனையெல்லாம் எப்போதோ முடிந்து, அந்தக் காது நன்றாகக் கேட்கிறது என்று காது டாக்டரே எழுதிக் கொடுத்தாயிற்று. அந்தக் காகிதத்தைக் காட்டினேன். படித்தார், திருப்பிக் கொடுத்தார். மறுநாளும் குலுக்கினார். அந்த வாக்கியத்தை மட்டும் எனக்குச் சொல்லவில்லை. மற்ற அம்மாக்களுக்கெல்லாம் தாராளமாகச் சொன்னார், எனக்குச் சொல்லவே இல்லை.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள். முன்னறை நிறையப் பெண்கள். இவள் பெஞ்சில் பையை வைத்துக் குனிந்து ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். பின்னால் சாவி குலுங்கியது. இவள் திரும்பவில்லை.

மறுபடியும் குலுங்கியது. திரும்பவில்லை.

டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் வெளுத்த அதே முகம். சாவி அந்தரத்தில் நின்றது. நான் மேஜையிலிருந்து எழுந்துவிட்டேன். அப்போதுதான் என் பெண்ணின் தோள் குலுங்குவதைக் கவனித்தேன். கழுதை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. மெதுவாகத் திரும்பி, தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து உள்ளறையிலிருந்து கேட்டுக் கேட்டு மனப்பாடமான அதே தாளத்தில் சொன்னாள்:

“கேட்டாச்சு டாக்டரம்மா. செரி, இனி பயப்படாண்டாம்.”

முன்னறை முழுக்க ஒரே சிரிப்பு. தண்ணீர் நிறைந்த வயிற்றோடு சிரிக்க முடியாமல் பெண்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்களுக்கு நடுவே, காலியாக இருந்த ஓர் இடத்தில் மெதுவாக உட்கார்ந்தார். அந்த பெஞ்சில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “யாரு சொல்லித் தந்தா உனக்கு?” என்று கேட்டார். இவள் அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சாவிக்கொத்தைப் பிடுங்கினாள். அவரும் கொடுத்துவிட்டார். அன்று சாயந்தரம் வரை கிளினிக்கில் அந்தச் சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் பின்னால் சாவி குலுங்கியது.